கிளாப் அடிக்காத ஷாட்

அந்த ஷாட்டின் தொடக்கத்தில் கிளாப் பலகை இல்லை. ஜிபாரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

படப்பிடிப்பு என்றால் ஆயிரம் கோளாறு இருக்கும். கிளாப் அடிக்க மறந்துபோய், ஷாட் முடிந்த பிறகு பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடித்துச் சமாளிப்பதும் உண்டு. இதில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. யாரும் 'ஆக்‌ஷன்' என்று கத்தவில்லை, 'கட்' என்றும் சொல்லவில்லை. யாரோ கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்ட மாதிரி அது பாட்டுக்குத் தொடங்கி அது பாட்டுக்கு முடிந்தது.

எடிட்டிங் அறை ஸ்டூடியோவின் கீழ்த்தளத்தில் இருந்தது. வெளியே பிஷ்கேக் நகரம் குளிர்கால மத்தியானத்தில் நிலக்கரிப் புகை மண்டி, பகலா சாயங்காலமா என்று தெரியாமல் கிடந்தது. உள்ளே கனத்த திரைச்சீலை, பழைய கம்பளத்தின் தூசி வாடை, ஆறிப்போன தேநீர், சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய் அவ்வப்போது தொண்டையைச் செருமுகிற சத்தம். அந்த அறையில் உட்கார்ந்து ஜிபார் எத்தனையோ பேய்ப்படங்களை ரொட்டி கடித்துக்கொண்டே வெட்டி ஒட்டியிருக்கிறாள். பயப்படுகிற ஆளில்லை அவள்.

இன்னும் வெட்டாத மூலப் பதிவான ரஷ்ஷில் அந்த ஷாட்டை மறுபடி ஓட்டினாள்.

திரையில் அவள் மகள் மீரிம். அம்மா செத்துப்போன ஒரு சின்னப் பெண் மலைமேல் ஒரு வீட்டில் குளிர்காலத்தைக் கழிப்பதுதான் படத்தின் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவள் மீரிம். கம்பளி விரிப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிச் சப்பிக்கொண்டிருக்கிறாள். கேமரா அவளுக்குக் கை எட்டும் தூரத்தில், கொஞ்சம் உயரத்திலிருந்து, அசையாமல் பார்க்கிறது. மீரிம் நிமிர்கிறாள். லென்ஸைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று மேலே பார்க்கிறாள். சிரிக்கிறாள். பிறகு வாயிலிருப்பதைப்போல இன்னோர் உருண்டையை எடுத்து, பார்க்கிறவருக்கு நீட்டுகிறாள். அதோடு ஷாட் முடிந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்கலாம். இயக்குநர் எர்மெக்கைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அவன் படத்தில் கேமரா வாசல் பக்கம்தான் நிற்கும், வந்த இடத்தில் அடக்கமாக நிற்கும் விருந்தாளி மாதிரி. 'அழுகிறவன் மூஞ்சிக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பது மரியாதை இல்லை' என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிப் பெருமையடித்துக்கொள்வான். அவன் படத்தில் க்ளோஸப் கிடையாது. ஒருவர் கண்ணால் பார்ப்பதுபோல ஒரு ஷாட்கூடக் கிடையாது.

ஜிபாரை உறுத்தியது அந்தச் சிரிப்பும்தான். யார் எங்கே பார்க்கிறார்கள், அதற்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதே அவள் பிழைப்பு. மகளின் எல்லாச் சிரிப்பும் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். இந்தச் சிரிப்பை அவள் பார்த்ததில்லை. ஹெட்போனில் மலைக்காற்றின் ஓசை. அதற்கு முன்னால், மைக்குக்கு வெகு பக்கத்தில், யாரோ மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

எர்மெக்குக்குப் போன் போட்டாள். அவன் அவளைவிட இளையவன். வாய் நிறைய 'எஜே' என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"மலைவீட்டு ரஷ்ல மீரிமோட க்ளோஸப் ஒண்ணு கிடக்கு. எப்போ எடுத்தீங்க?"

"க்ளோஸப்பா? என் படத்துலயா? என்ன எஜே, மத்தியானமே வோட்காவா?"

"வாய மூடு. நீ எடுக்கலன்னா யாரு எடுத்தா?"

"கேரிம்பெக்தான் திருட்டுத்தனமா எடுத்திருப்பான். கேமராமேனுங்கள நம்பவே கூடாது."

கேரிம்பெக்கைக் கேட்டாள். "அவ்வளவு கிட்டப் போக எனக்கும் ஆசைதான். விட்டானா அந்த மகராசன்? அந்த லென்ஸையே நான் மலைக்கு எடுத்துட்டுப் போகல எஜே" என்றான்.

ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவரும் இல்லை என்றால் யாரோ ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். அப்படித்தான் ஜிபார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் அவளும் மீரிமும் மட்டும்தான். கணவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். வாரத்துக்கு ஒருமுறை போனில் முகம் காட்டுவான். அன்று சாப்பிடும்போது மகளிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"கண்ணு, மலைவீட்ல உன்னக் கிட்டக்க வந்து படம் எடுத்தது யாரு? எர்மெக் மாமாவா?"

"இல்லியே. அவங்க."

"எவங்க?"

"அவங்கதாம்மா. நம்ம ஆளுங்கதானே அவங்களும். நான்தானே துண்டு குடுத்தேன்."

படம் தொடங்கும் நாளில் தட்டு உடைப்பது அந்த ஊர் சினிமாக்காரர்களின் வழக்கம். பீங்கான் தட்டில் படத்தின் பெயரை எழுதி, கேமரா ஸ்டாண்டின் காலில் அடித்து உடைப்பார்கள். அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. துண்டு வாங்கியவர் படத்தைச் சேர்ந்தவர். படம் முடிகிறவரை அவரை யாரும் விலக்க முடியாது. எர்மெக்கின் குழுவில் இன்னொன்றும் உண்டு. படம் முடிந்த அன்று எல்லாரும் துண்டுகளைக் கொண்டுவந்து ஒட்டித் தட்டை முழுசாக்குவார்கள். இந்தப் படத்துக்கு மலைவீட்டு முற்றத்தில் தட்டை உடைத்தது மீரிம். எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"எல்லாரும் கை நீட்டி வாங்கினாங்கம்மா. அவங்க மட்டும் அந்த வீட்டு வாசல்ல சும்மா நின்னாங்க. பாவமா இருந்துச்சு. நானே போய்க் குடுத்தேன். வாசல்ல நிக்கிறவங்களுக்கு எதுவும் குடுக்காம இருக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

சொல்லியிருக்கிறாள்தான். அந்த ஊரில் எந்தத் தாயும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். ஆனால் அது ஆளில்லாத வீடு. இருந்த குடும்பம் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. பூட்டை எர்மெக்தான் உடைத்தான்.

"பாக்க எப்படி இருந்தாங்க?"

மீரிம் யோசித்தாள். எழுந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அவள் தலைக்கு மேலே கை வைத்துக் காட்டினாள். "இவ்வளவு உசரம்."

"முகம்?"

"முகம் அப்பறமா வரும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சூப்பைக் குடிக்கத் தொடங்கினாள். குழந்தைகள் ஆயிரம் கதை சொல்லும் என்று நினைத்து ஜிபார் தட்டுகளைக் கழுவப் போனாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

அந்த ஷாட்டை அவள் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. எடிட்டர் புத்தி போகுமா? எட்ட நின்றே பார்க்கிற படத்துக்கு நடுவில், அந்த ஒரு பார்வையைச் சும்மா ஒட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், படத்துக்கு உயிர் வந்துவிட்டது. அதுவரை நல்ல படமாக இருந்தது இப்போது மூச்சுவிட்டது. தேடினால் இன்னும் கிடைத்தது: தண்ணீர் எடுக்கும் மீரிம், சாணி வறட்டி அடுக்கும் மீரிம், சன்னல் கண்ணாடியில் ஊதும் மீரிம். எதிலும் கிளாப் இல்லை. ஒவ்வொன்றிலும் கேமரா கொஞ்சம் கொஞ்சமாக அவளை நெருங்கியிருந்தது. எர்மெக் பார்த்தான். மறுபடி ஓட்டச் சொன்னான். பிறகு, "இருக்கட்டும் எஜே" என்றான்.

விமர்சகர் ஒமோருக்குப் போட்டுக் காட்டினார்கள். தொலைக்காட்சியில் வாராவாரம் வந்து ஊர்ப் படங்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுகிற மனிதர். அவர் வாய்க்குப் பயந்து திரையரங்கின் பின்வாசல் வழியாக ஓடிய இயக்குநர்கள் உண்டு. படம் முடிந்து விளக்குப் போட்டபோது அவர் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் எர்மெக், உன்ன உதவாக்கரைன்னு நெனச்சிருந்தேன். மன்னிச்சுக்கோ. அந்தப் பார்வை இருக்கே... அந்தப் புள்ளைய யாரு பாக்குறா? செத்துப்போன அம்மாவா?"

எர்மெக் ஜிபார் பக்கம் திரும்பவே இல்லை. "அது... ஆமா பாய்கே, ரொம்ப நாளா மனசுல வச்சிருந்த உத்தி" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் கூசாமல். பின்வரிசையில் கேரிம்பெக்கும் தன் பங்குக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"பாக்குறது யாருன்னு கடைசிவரைக்கும் காட்டிடாதீங்கடா. அம்மான்னு நெனச்சேன். அப்பறம் இல்லன்னு தோணுச்சு. அம்மா ஆகப் பாக்குற எதுவோ." ஒமோர் எழுந்து கோட்டை மாட்டினார். "ஒரு பார்வை இருந்தா அதுக்கு இருக்க ஒரு இடம் வேணும். அது படத்துக்குள்ள இருக்கு. அதனாலதான் நாம பயந்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறோம்."

ஜிபாருக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அன்றிலிருந்து மீரிமைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் தானே என்று வைத்துக்கொண்டாள். பள்ளி வாசலில் பிள்ளைகள் கூட்டமாக வரும்போது, மீரிம் தன்னைப் பார்த்துத்தான் கையாட்டுகிறாளா என்று பார்வையின் கோட்டை அளந்தாள். ஒருநாள் சமையலறை மேசையில் மூன்றாவதாக ஒரு தேநீர்க் கிண்ணம் இருந்தது. அவள் வைக்கவில்லை. கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு தயிர் உருண்டை. அதை எடுத்துக் குப்பையில் போட்டபோது நனைந்த கம்பளி வாடை அடித்தது. பூட்டிக்கிடந்த வீட்டு அடுப்புச் சாம்பலின் வாடையும்.

இறுதிப் பிரதி அனுப்புவதற்கு முந்தின நாள், ரஷ்ஷில் ஒரு புது ஷாட் இருந்தது.

எல்லாவற்றையும் அவள் பலமுறை பார்த்தாயிற்று. இது இல்லை. இருந்ததில்லை.

மீரிம் தூங்குகிறாள். கேமரா அவ்வளவு கிட்டத்தில். திரை முழுக்கக் கன்னமும், மூடிய இமையும், நெற்றியில் விழுந்த முடிக்கற்றையும். அந்த முடி அசைகிறது. நிற்கிறது. அசைகிறது. மீரிமின் மூச்சில் இல்லை. அவள் மூச்சு வேறு தாளத்தில் போகிறது. இந்தப் பக்கமிருந்து யாரோ விடுகிற மூச்சில் அசைகிறது.

கழுத்துவரை போர்த்தியிருந்தது வீட்டுப் போர்வை. சிவப்பில் கொம்புக் கோலம் போட்டது. சரி, மலைக்குப் போகும்போது அதைத்தானே கொடுத்தனுப்பினோம் என்று ஜிபார் வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே திரையின் ஓரத்துக்குப் போனாள். அங்கே வெள்ளையாக ஏதோ. படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள்.

வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர். வெள்ளைப் பூச்சு உரிந்த ரேடியேட்டரின் ஒரு விலா. அதில் மீரிம் ஒட்டிவைத்த பூனைப் படம்.

மலைவீட்டில் ரேடியேட்டர் கிடையாது.

நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். சுவர்க் குழாய் செருமியது. அது குழாய்தானா என்று நின்று கேட்டாள். குழாய்தான். மறுபடி உட்கார்ந்தாள். கை தானாக வேலை செய்தது. அந்தப் பார்வைகளை ஒவ்வொன்றாகப் படத்திலிருந்து வெட்டினாள். வெட்டிய இடத்தில் எர்மெக்கின் மரியாதையான தூரத்து ஷாட்களை ஒட்டினாள். பிறகு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அழித்தாள். மாற்றுப் பிரதியிலிருந்தும் அழித்தாள். எர்மெக் கொல்லுவான், ஒமோர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து சிரிப்பார், இனி யாரும் வேலை தரமாட்டார்கள். போகட்டும். என் பிள்ளையைப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிக்கொண்டே அழித்தாள். கடைசியாக ஒன்றை அழிக்கும்போது ஹெட்போனில் அந்த மூச்சு கேட்டது. ஹெட்போன் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பிரதி போனது. ஸ்டூடியோவில் குழு கூடியது. எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளும் ஜாமும் தேநீருமாக ஒரே கும்மாளம். மாற்றிய பிரதியை எர்மெக் இன்னும் பார்க்கவில்லை, அதனால் ஜிபாரைக் கட்டிப்பிடித்து, "எஜே, நீதான் என் படத்தோட தாய்" என்றான். ஆளாளுக்குத் துண்டை எடுத்து நீட்ட, மீரிம் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள். தட்டு சேர்ந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு இடம் ஓட்டையாக நின்றது.

"யாருடா தொலைச்சது? கேரிம்பெக், நீதானே?"

"நான் குடுத்துட்டேன்யா! இதோ இதுதான் என்னுது."

"விடுங்கப்பா. உடைச்ச மகாராணியே எடுத்துட்டுப் போகட்டும்."

தட்டை மீரிம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சன்னலுக்கு வெளியே புகை, தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாக. ஜிபார் சமையலறை விளக்கைப் போட்டாள், கூடத்து விளக்கையும் போட்டாள். கெட்டிலை வைத்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அழுகை வந்தது; மகளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். தட்டு மேசை நடுவில் இருந்தது.

"அம்மா, அவங்கள ஏன் படத்துலருந்து வெளிய அனுப்பின?"

"யாரு சொன்னா உனக்கு?"

"அவங்கதான். கோபமெல்லாம் இல்லயாம். ஆனா இனிமே எங்க இருக்கறதுன்னு கேக்குறாங்க."

கெட்டில் கொதித்து நின்றது. அதன்பிறகு வீட்டில் சத்தமே இல்லை.

"மீரிம். என்னப் பாரு. என்ன மட்டும் பாரு."

மீரிம் நிமிர்ந்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு.

பார்வையின் கோடு ஜிபாரிடம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் அளந்த கண்ணுக்கு அது பிசகாது. இடது தோளுக்கு மேலே. ஒரு கை உயரத்தில். ரொம்பக் கிட்டத்தில்.

நனைந்த கம்பளி வாடை.

இதற்கு அடுத்த ஷாட் என்னவென்று அவளுக்குத் தெரியும். திரும்பினால் போதும். திரும்பவில்லை. கழுத்து அசையவில்லை.

மீரிம் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு தயிர் உருண்டையை எடுத்தாள். மேசைக்கு மேலே எம்பி, அம்மாவின் காதைத் தாண்டி நீட்டினாள். கை திரும்பி வந்தது. வெறுங்கை.

காதுக்குப் பக்கத்தில் கடிக்கிற சத்தம். கல்லுமாதிரி இருக்கும் உருண்டையைப் பல் நொறுக்குகிற சத்தம். நிதானமாக. கரக். கரக்.

மீரிமின் கண் மெல்லக் கீழிறங்கியது, குனிகிற ஒருவரைப் பின்தொடர்வதுபோல. தோள் உயரத்துக்கு. காது உயரத்துக்கு. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, ஜிபாரின் கண்ணுக்குள் நேராக வந்து நின்றது.

வாடை போய்விட்டது. அறை வெளிச்சமாக, அமைதியாக இருந்தது. ஜிபாரின் வலது கை மேசைமேல் எழுந்தது. அவள் எழுப்பவில்லை. விரல்களுக்கு நடுவில் ஒரு பீங்கான் துண்டு. கை அதைத் தட்டின் ஓட்டையில் பொருத்தி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியது.

மீரிம் முழுசான தட்டைப் பார்த்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"எங்கம்மா எங்க?" என்றாள் சின்னக் குரலில்.

நான்தான், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல ஜிபார் உயிரைக் கொடுத்து வாயைத் திறக்கப் பார்த்தாள். நாக்கில் உப்பும் புளிப்பும் கரைந்துகொண்டிருந்தன. வாய் மென்றுகொண்டிருந்தது.